மரமும் இரும்பும், இடையே ஒரு சாந்தும்

தோற்றுவாய்

பருவமழை தொடங்கிவிட்டால் பழைய பலகை வீடுகளில் கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்ளும். தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருக்கும். வெயில் காய்ந்ததும் அதே கதவு தளர்ந்துவிடும்; தாழ்ப்பாள் தன் குழியைத் தேடி அலையும். மரம் வெட்டி அறுக்கப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்தை ஏற்று வீங்குகிறது. அதனை இழந்து சுருங்குகிறது. கதவுக்கு இதனால் நேரும் கேடு சிறிது. அதே மரம் ஒரு சுரிகுழல் துப்பாக்கியைத் தாங்கி நிற்குமாயின், தாளின் கனமே உள்ள ஓர் அசைவும் குறியைத் தவறச் செய்துவிடும்.

துப்பாக்கியில் இரு பெரும் பகுதிகள் உள்ளன. ஒன்று இரும்பு: குழலும், அதன் பின்புறத்தில் தோட்டாவை ஏற்றுப் பூட்டும் பூட்டுக்கூடும். மற்றொன்று அவ்விரும்பைத் தாங்கும் மரக்கட்டை. வெடிக்கும்போது குழல் அதிர்கிறது. துப்பாக்கி முழுவதும் பின்னோக்கி உதைக்கிறது. ஒவ்வொரு முறையும் இரும்பு தன் இருப்பிடத்தில் ஒரே சீராக அமர்ந்திருந்தால்தான் குண்டுகள் ஓரிடத்தில் சென்று சேரும். இரும்புக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பி அவ்விருப்பிடத்தை உறுதி செய்வதற்காக இடப்படும் பூச்சையே படுகைச் சாந்து என்கிறோம்.

இச்சாந்தும் அழிவற்றது அன்று. எண்ணெய் ஊறி இளகும், வெடிப்பு விடும், கட்டையிலிருந்து பெயரும். அப்போது பழஞ்சாந்தை நீக்கிப் புதியதை இட வேண்டும். இடுவதினும் நீக்குவது அரிய வேலை என்பது துப்பாக்கிக் கம்மியர் யாவரும் ஒப்பும் உண்மை. அது கைவேலை மட்டுமன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொழில் வரலாற்றை உளிமுனையில் திறந்து பார்க்கும் செயலும் ஆகும். அவ்வரலாற்றை அறியாதவர் கையில் உளி கிடைத்தால் யாது நேரும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கையால் பொருத்திய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை துப்பாக்கிக் கட்டை முற்றிலும் கைவினையாகவே இருந்தது. தச்சர் விளக்குக் கரியை இரும்பில் தடவுவார். அதனை மரக்குடைவில் வைத்து அழுத்தி எடுப்பார். மரத்தில் எங்கெல்லாம் கரி படிந்ததோ அங்கெல்லாம் மரம் மேடாக இருக்கிறது என்பது பொருள். அம்மேட்டை உளியால் மெல்லச் சீவுவார். மீண்டும் கரி தடவுவார், அழுத்துவார், சீவுவார். குடைவு முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும் வரை இவ்வேலை தொடரும். இம்முறை இன்றும் சிறந்த கம்மியரிடையே வழக்கில் உள்ளது.

இவ்வாறு அமைந்த கட்டை அந்த ஓர் இரும்புக்கே உரியது. வேறோர் இரும்பை அதில் வைத்தால் பொருந்தாது. அழகும் உறுதியும் இம்முறையின் சிறப்புகள். காலமும் கூலியும் மிகுதியாவது இதன் குறை. போர்க்களத்தில் கட்டை முறிந்துவிட்டால் மற்றொன்றை எடுத்து மாட்ட இயலாது. படைகள் பெருகப் பெருக இக்குறையே பெரிதாகத் தோன்றியது.

பொறியின் வரவு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் பிளாஞ்சர்டு (1788–1864) இந்நிலையை மாற்றினார். துப்பாக்கிக் குழலைக் கடையும் பொறியொன்றை அவர் முதலில் அமைத்தபோது, குழல் கடையும் தொழிலாளர் தம் பிழைப்புப் போயிற்றே என வருந்தினர் என்றும், அருகிலிருந்த கட்டைத் தொழிலாளி ஒருவர், கோணல் மாணலான கட்டையை எந்தப் பொறியாலும் கடைய முடியாது என்று தம் தொழிலைப் பற்றிப் பெருமை பேசினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அச்சொல்லே பிளாஞ்சர்டின் சிந்தனையைத் தூண்டியதாம். ஒரு மாதிரிக் கட்டையைச் சக்கரம் தடவிச் செல்ல, அதன் வடிவத்தையே வெட்டுசக்கரம் மற்றொரு மரத்தில் செதுக்கும் பொறியை அவர் உருவாக்கி, 1819 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பின்னர் ஸ்பிரிங்பீல்டு அரசுப் படைக்கலச் சாலையில் கட்டை வேலைக்கெனத் தனித்தனிப் பொறிகள் பலவற்றை நிறுவினார்.

1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில், உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க அமெரிக்கத் துப்பாக்கிகள் பிரிட்டிஷாரை வியக்க வைத்தன. 1854 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் குழுவொன்று அமெரிக்கா சென்று, கட்டை செதுக்கும் பொறிகளை ஏம்ஸ் நிறுவனத்திடம் வாங்க ஏற்பாடு செய்தது. அவை என்பீல்டு அரசுத் துப்பாக்கிச் சாலையில் நிறுவப்பட்டன. 1857 இந்தியப் பெருங்கிளர்ச்சியோடு பெயர் பிணைந்த என்பீல்டு துப்பாக்கி அப்பொறிகளால் செய்யப்படலாயிற்று.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். எந்த இரும்பும் எந்தக் கட்டையிலும் அமர வேண்டுமானால், கட்டையின் குடைவு மிகப் பெரிய இரும்பையும் ஏற்கும் அளவுக்குச் சற்றே அகன்றிருக்க வேண்டும். ஆகவே பொறி தந்த வசதியோடு ஒரு மெல்லிய இடைவெளியும் கூடவே வந்தது. கைத்தச்சர் காலத்தில் இல்லாத அவ்விடைவெளியே பின்னாளில் சாந்து வந்து குடியேறிய வீடு.

பேரரசின் துப்பாக்கியும் மூன்று நாட்டு மருந்தும்

1903 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படையில் புகுந்த குறுகிய லீ-என்பீல்டு துப்பாக்கி, வால்நட் மரக் கட்டையைக் கொண்டது. அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரம் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது வளையங்களின் போக்கில் 7.8 விழுக்காடும், அவற்றுக்குக் குறுக்கே 5.5 விழுக்காடும் சுருங்குகிறது. நார்களின் நீளப் போக்கில் சுருக்கம் மிகச் சிறிது. நன்கு பதப்படுத்திய கட்டை இவ்வளவு சுருங்காது எனினும், கட்டையின் அகலமும் நீளமும் ஒன்றுபோல் மாறுவதில்லை என்பதை இவ்வெண்கள் காட்டும். ஆளி விதை எண்ணெயில் கட்டையை ஊற வைத்தனர். எண்ணெய் ஈரத்தின் வரவைத் தாமதப்படுத்தியதே அன்றித் தடுத்துவிடவில்லை.

இத்துப்பாக்கியின் பின்னுதையை முன்கட்டையின் உட்புறத்திலுள்ள இரு மரத்தோள்கள் தாங்கின. அத்தோள்கள் சுருங்கினாலோ நசுங்கினாலோ இரும்பு முன்னும் பின்னும் ஆடும். நாளடைவில் கட்டை பிளக்கும். இந்நோய்க்குப் பேரரசின் பல மூலைகளில் பலவகை மருந்துகள் தோன்றின. பிரிட்டிஷ் படைக் கம்மியர், தேய்ந்த தோளை வெட்டி எடுத்துவிட்டுக் கடினமான மரத்துண்டை ஒட்டி மீண்டும் இரும்புக்கு இயையச் சீவினர். வங்காளத்தின் இச்சாப்பூர்த் துப்பாக்கிச் சாலையினர், கட்டை பிளவாதபடி அதன் குறுக்கே ஒரு திருகாணியை ஓட்டினர். ஆஸ்திரேலியாவில் 1912 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லித்கோ துப்பாக்கிச் சாலை, இறக்குமதி வால்நட்டுக்கு மாற்றாக உள்நாட்டு மரங்களைக் கையாண்டது. அவை மென்மையானவை ஆதலின், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உதை தாங்கும் இடங்களில் செப்புத் தகடுகளைப் பதித்தது.

இங்கிலாந்தின் பிஸ்லித் திடலில் குறிபார்ப்போர் இவ்வளவில் நிறைவு பெறவில்லை. அங்கே புல்டன் குடும்பத்தினர் துப்பாக்கிகளைச் சீரமைப்பதில் பெயர் பெற்றிருந்தனர். தந்தை ஜார்ஜ் புல்டன் 1888 ஆம் ஆண்டில் அரசியார் பரிசை வென்றவர். மகன் ஆர்தர் புல்டன் 1912, 1926, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளில் அரசர் பரிசை வென்றவர். அவர்கள் கைபட்ட துப்பாக்கியில் அவர்தம் பெயர் முத்திரையாகப் பொறிக்கப்பட்டது. இரும்பும் பொடிமருந்தும் ஒன்றே. மரத்தில் இரும்பு அமரும் அமைப்பே வெற்றியையும் தோல்வியையும் பிரித்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மலாயாக் காட்டில் அலைந்த குறி

இந்த வரலாற்றின் ஒரு பக்கம் மலாயாவிலும் எழுதப்பட்டது. 1944 ஆம் ஆண்டில் உருவான ஐந்தாம் எண் லீ-என்பீல்டு, காட்டுத் துப்பாக்கி என்று வழங்கப்பெற்றது. நான்காம் எண் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4.1 கிலோ; இதன் எடையோ ஏறத்தாழ 3.2 கிலோ. குழல் குறுக்கப்பட்டது, முன்கட்டை வெட்டப்பட்டது, பூட்டுக்கூட்டிலும் இரும்பு ஆங்காங்கே சுரண்டி எடுக்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாவின் அடர்ந்த காடுகளில் இத்துப்பாக்கி பெருவாரியாகத் தூக்கிச் செல்லப்பட்டது.

ஆனால் அதற்கு முன்பே, 1947 ஆம் ஆண்டில், இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று சரி செய்த குறி நாளை மாறிவிடுகிறது என்பது அதன்மீது சாட்டப்பட்ட குற்றம். அதனை அலையும் குறி என்றனர். படையதிகாரிகள் ஆய்வுகள் நடத்தி, இது துப்பாக்கியின் அமைப்போடு பிறந்த குறை, தீராதது என்று முடிவு செய்தனர். இலேசாக்கப்பட்ட பூட்டுக்கூடு வெடிப்பின்போது வளைவதே காரணம் என்போர் உளர். உற்பத்தியை நிறுத்துவதற்கு அக்குறை மிகைப்படுத்திக் கூறப்பட்டது என்போரும் உளர். யார் கூற்று மெய்யாயினும், ஒரு படிப்பினை நிலைத்தது: சுடுபவன் கண்ணையும் கையையும் பழிக்கும் முன், இரும்பு தன் இடத்தில் நிலையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பல் மருத்துவத்தில் பிறந்த பசை

இடைவெளியை நிரப்பத் தக்கையும் துணியும் மரத்துண்டும் பயன்பட்ட காலத்தில், எங்கோ ஒரு மூலையில் வேறோர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்தான் என்னும் வேதியியலார், பல் மருத்துவப் பொருள்கள் செய்யும் தே திரே நிறுவனத்துக்காக, இறுகும்போது சுருங்காத ஒரு பிசினைத் தேடினார். 1930களின் பிற்பகுதியில் அவர் கண்டதே இன்று எப்பாக்சி எனப்படும் பிசின். பல் கட்டுவதற்கு அது பெரிதும் பயன்படவில்லை. சீபா நிறுவனம் உரிமை பெற்று, 1946 ஆம் ஆண்டில் அரல்டைட் என்னும் பெயரில் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவரும் அதே துறையில் உழைத்துக் காப்புரிமைகள் பெற்றார். உடைந்த பீங்கானை ஒட்டுவதற்கு இரு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையை அறியாத இல்லம் இல்லை. அதன் உறவினரே துப்பாக்கிக் கட்டைக்குள் புகுந்த சாந்தும்.

பல்லுக்கு வேண்டிய பண்பே துப்பாக்கிக்கும் வேண்டியிருந்தது. இறுகும்போது சுருங்காத பொருளே வடிவத்தைப் பிசகாமல் பற்றும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கக் கம்மியர் இப்பிசினோடு கண்ணாடி இழைத் தூளைக் கலந்து, கட்டையின் குடைவில் இட்டு, இரும்பை அதன்மேல் அமர்த்தினர். இரும்பு ஒட்டிக்கொள்ளாதபடி அதன்மேல் மெழுகோ பிறிதோர் ஒட்டுத்தடுப்புப் பூச்சோ தடவினர். காலணிக்கு இடும் மெழுகையே தடவியவரும் பலர். சாந்து இறுகிய பின் இரும்பை எடுத்தால், அதன் ஒவ்வொரு வளைவும் கீறலும் அச்சாகப் பதிந்திருக்கும். கண்ணாடித் தூள் கலந்தமையால் இதற்குக் கண்ணாடிப் படுகை என்னும் பெயர் ஏற்பட்டது.

இதன் பொருள் யாது? கைத்தச்சர் கரி தடவித் தடவிப் பல நாளில் பெற்ற பொருத்தத்தைச் சாந்து ஓர் இரவில் தந்தது. பொறி பறித்துக்கொண்ட தனிப்பொருத்தத்தை வேதியியல் மீட்டுக் கொடுத்தது. அதனோடு பழைய விதியும் திரும்பி வந்தது: சாந்திட்ட கட்டை அந்த ஓர் இரும்புக்கே உரியது.

சாந்தின் பொற்காலம்

அமெரிக்கப் படை 1936 ஆம் ஆண்டில் ஏற்ற எம்-1 துப்பாக்கி, கனடாவில் பிறந்த ஜான் காரண்டு (1888–1974) ஸ்பிரிங்பீல்டு படைக்கலச் சாலையில் வடித்தது. ஏறத்தாழ 54 இலட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. 1957 ஆம் ஆண்டில் அதன் வழித்தோன்றலாக எம்-14 வந்தது. இவ்விரண்டிலும் பூட்டுக்கூடு மேலிருந்தும், விசைக்கூடு கீழிருந்தும் கட்டையைக் கவ்விப் பிடிக்கும். கவ்வும் பிடி தளர்ந்தால் குறியும் தளரும்.

ஒகாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரித் திடலில் 1907 ஆம் ஆண்டு முதல் தேசியப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. அப்போட்டிகளுக்கெனத் தேர்ந்து செய்யப்பட்ட எம்-1, எம்-14 துப்பாக்கிகளுக்கு 1960களில் கண்ணாடிப் படுகை இடுவது முறையாயிற்று. படைக் கம்மியர் பிசோனைட் முதலிய சாந்துகளைக் கையாண்டனர். தனியார் அக்ராகிளாஸ், மரீன்-டெக்ஸ், டெவ்கான் முதலியவற்றைக் கையாண்டனர். ஒவ்வொரு முறை இரும்பைக் கழற்றி மாட்டும்போதும் சாந்து சிறிது தேயும் ஆதலின், போட்டித் துப்பாக்கியைத் தேவையின்றிக் கழற்றலாகாது என்னும் விதியும் வழக்கிற்கு வந்தது.

வியட்நாம் போர் மரத்தின் குறையை மீண்டும் வெளிப்படுத்தியது. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்க மரைன் படையினர் ஏற்ற எம்-40 துப்பாக்கியின் மரக்கட்டை அந்நாட்டு ஈரத்தில் கோணிற்று. 1970களில் அதற்கு மாற்றாகக் கண்ணாடி இழைக் கட்டை வந்தது. 1988 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட எம்-24 துப்பாக்கியின் கட்டைக்குள் அலுமினியப் படுகையே பொதிந்திருந்தது. இவ்வாறு படைத்துறையில் மரத்தின் காலம் முடிந்தது. 1968 ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டு படைக்கலச் சாலையும் மூடப்பட்டது. இன்று அது வரலாற்றுச் சின்னமாக, அருங்காட்சியகமாக விளங்குகிறது.

ஆயினும் அக்காலத்துத் துப்பாக்கிகள் மறையவில்லை. படையின் கையிருப்பிலிருந்த எம்-1 துப்பாக்கிகள் அந்நாட்டுச் சட்டத்தின்படி பொதுமக்களுக்கு விற்கப்பட்டு வந்தன. அறுபது ஆண்டுப் பழஞ்சாந்தைச் சுமந்த கட்டைகள் இன்று கம்மியரின் மேசைக்கு வருகின்றன. நீக்கும் கலைக்கு இப்போதுதான் பெருந்தேவை ஏற்பட்டுள்ளது.

பழஞ்சாந்தை நீக்கும் முறை

தேர்ந்த கம்மியர் முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வார். அடுத்து உளியை எடுக்கமாட்டார், கண்ணாடியை எடுப்பார். சாந்து மெய்யாகவே கெட்டதா என்பதே முதல் வினா. திருகாணியை இறுக்கித் தளர்த்தும்போது இரும்பு கட்டையினுள் அசைகிறதா, சாந்தின் ஓரம் மரத்திலிருந்து விலகியுள்ளதா, எண்ணெய் ஊறி மரம் கறுத்துள்ளதா என்று நோக்குவார். துப்பாக்கியைத் துடைக்கும் எண்ணெயும் கரைப்பான்களும் ஆண்டுக்கணக்கில் கசிந்து, சாந்தின் அடியிலுள்ள மரத்தை மென்மையாக்கிவிடுவது உண்டு. அந்நிலையில் சாந்து கெடவில்லை. அதனைத் தாங்கும் நிலமே கெட்டது. மேற்பூச்சால் அதனை மறைப்பது பயனற்றது.

சில கட்டைகளில் இரும்பு சாந்தோடு ஒட்டிக் கிடக்கும். முன்னாளில் சாந்திட்டவர் ஒட்டுத்தடுப்புப் பூச்சை ஓரிடத்தில் தடவ மறந்திருப்பார். அல்லது சாந்து ஒரு பள்ளத்தினுள் பாய்ந்து பூட்டுப் போட்டதுபோல் இறுகியிருக்கும். குழல் முனையைப் பிடித்து நெம்புவோர் உண்டு. அவர்தம் வலிமைக்குக் கிடைக்கும் பரிசு பிளந்த கட்டையே. முறை அறிந்தவர் துப்பாக்கியைக் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு வைப்பார். இரும்பும் சாந்தும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பிடி தளரும். அதற்கும் இணங்காவிடில், இரும்பை மட்டும் மெல்லச் சூடேற்றுவார். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி பெரும்பாலும் 100 பாகை செல்சியசுக்குக் கீழேயே இளகத் தொடங்கும். அவ்வளவு சூடு எஃகின் பதத்தைக் கெடுக்காது. தீச்சுடரை நேரே காட்டுவதோ மரத்தையும் எஃகையும் ஒருங்கே கெடுக்கும்.

இரும்பு வெளிவந்த பின்னரே உளிக்கு வேலை. கூரிய உளியும் சுரண்டியும் சிறு சுழல்கருவியும் பயன்படும். மழுங்கிய உளியை ஆள்பவர் மிகுந்த விசையைச் செலுத்துவார். அவ்விசை சாந்தைக் கடந்து மரத்தில் பாயும். கட்டையின் பக்கச் சுவர்கள் பல இடங்களில் மிக மெல்லியவை. ஆகவே உளியைத் திருகி நெம்பாமல், மெல்லிய சீவல்களாக எடுத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. சாந்து முழுவதையும் ஒரே மூச்சில் அகற்றிவிட்டால், இரும்பு எவ்வுயரத்தில் அமர்ந்திருந்தது என்பதற்கு அடையாளம் இராது. புதுச்சாந்து இடும்போது இரும்பு தாழ்ந்துவிடலாம். எம்-1 துப்பாக்கியில் அவ்வாறு தாழ்ந்தால் கீழிருந்து கவ்வும் விசைக்கூட்டின் பிடியும் மாறிவிடும். ஆதலின் பழஞ்சாந்தில் இரண்டு மூன்று சிறு மேடைகளை அளவுகோலாக விட்டுவைத்து, ஏனைய இடத்தில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நீக்குவர். புதுச்சாந்து இறுகி இரும்பைத் தாங்கத் தொடங்கிய பின்னரே அம்மேடைகளை நீக்குவர். பழையதன் ஒரு பகுதியே புதியதற்கு வழிகாட்டியாக நிற்கிறது.

எண்ணெய் ஊறிய மரத்தில் சுண்ணப் பொடியைக் கரைப்பானில் குழைத்துப் பூசினால், அது காயும்போது எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். அதனைத் தட்டிவிட்டு மீண்டும் பூசுவர். பொடி வெண்மையாகவே நிற்கும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அவசரம் கொண்டு எண்ணெய் மரத்தின்மேல் இட்ட சாந்து விரைவில் பெயர்ந்து வரும்.

கரைப்பான் ஊற்றிச் சாந்தையே உருக்கிவிடலாம் என்று கருதுவோர் உளர். எப்பாக்சியை இளக்கும் மெத்திலீன் குளோரைடு, மூச்சில் புகுந்து உயிருக்கே ஊறு செய்வது. பூச்சு அகற்றும் பொருளாக அதனைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் தடுத்தது. 2024 ஆம் ஆண்டில் அதன் பெரும்பான்மைப் பயன்பாடுகளையும் தடை செய்தது. சுழல்கருவி எழுப்பும் கண்ணாடி இழைத் தூளும் நுரையீரலுக்குப் பகை. முகமூடியும் கண்காப்பும் நல்ல காற்றோட்டமும் இன்றி இவ்வேலையில் இறங்குதல் அறிவுடைமை ஆகாது.

நீக்குவதா, காப்பதா?

கைத்திறன் எவ்வளவு சிறந்ததாயினும், அதற்கு முன் நிற்கும் வினா ஒன்றுண்டு. நீக்கத்தான் வேண்டுமா?

போட்டிக்குரிய துப்பாக்கியாயின் விடை எளிது. தளர்ந்த படுகை பயனற்றது; நீக்கிப் புதுக்குவதே முறை. ஆனால் 1960களில் படைக் கம்மியர் கையால் சாந்திட்ட துப்பாக்கியொன்று அருங்காட்சியகத்துக்கோ சேகரிப்பாளருக்கோ வந்து சேருமாயின், அச்சாந்து குறையா, ஆவணமா? சாந்தை நீக்கிப் பழைய மரத்தை வெளிப்படுத்தினால் துப்பாக்கி அதன் பிறப்பு நிலைக்குத் திரும்பும் என்பர் ஒரு சாரார். அத்துப்பாக்கியின் வாழ்க்கையில் பிறப்பு மட்டும்தானா வரலாறு என்று கேட்பர் மற்றொரு சாரார்.

இரு தரப்பிலும் நேர்மை உண்டு. முதல் சாரார் சுட்டிக்காட்டும் ஆபத்து மெய்யானது: பிற்காலத்தில் யாரோ அறியாமையால் வாரிப் பூசிய சாந்தும் உண்டு, அதனை ஆவணம் எனப் போற்றுவது கிறுக்கலைக் கல்வெட்டு என்பது போலாகும். ஆயினும் இரண்டாம் சாரார் கூற்றே வலிமை உடையது. 1964 ஆம் ஆண்டில் வெனிசு நகரில் கட்டடச் சின்னங்களுக்காக வகுக்கப்பட்ட சாசனம், ஒரு சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் ஆற்றிய தகுதியான பங்கை மதிக்க வேண்டும் என்றும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும் கூறுகிறது. கோயிலுக்கும் கோட்டைக்கும் சொல்லப்பட்ட இந்நெறி, ஒரு கைப்பிடி அளவுள்ள சாந்துக்கும் பொருந்தும்.

ஏனெனில் அச்சாந்து ஒரு வார்ப்பு. இலட்சக்கணக்கில் ஒன்றுபோல் செய்யப்பட்ட துப்பாக்கிகளில், இந்த ஒன்று மட்டும் எவ்வாறு அமர்ந்திருந்தது என்பதை அது காட்டுகிறது. சாந்தின் அடியில் பழைய தச்சர் ஒட்டிய மரத்துண்டும் வெளிப்படக்கூடும். லித்கோவின் செப்புத்தகடும் இச்சாப்பூரின் திருகாணியும் எவ்வாறு அந்நாட்டு மரத்தையும் அக்காலத்து நெருக்கடியையும் பேசுகின்றனவோ, அவ்வாறே இச்சாந்தும் தன் காலத்தைப் பேசுகிறது. படைக்கலச் சாலை மூடப்பட்டுவிட்டது. அங்கு வேலை செய்தவருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர்தம் கைவேலை எஞ்சியிருப்பது இவ்வொட்டுகளில்தான். பெயர்த்துக் குப்பையில் கொட்டிய சாந்தை மீண்டும் படிக்க எவராலும் இயலாது.

இதற்காக யாவற்றையும் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பதன்று. நீக்கியே ஆக வேண்டுமாயின், முன்னரே படமெடுத்து, அளவெடுத்து, எங்கு எவ்வளவு ஆழம் நீக்கப்பட்டது என்று எழுதி வைத்தல் வேண்டும். பெரிய துண்டுகளைக் காத்து வைத்தல் வேண்டும். மேலும், இன்று இடும் சாந்து நாளை வேறொருவர் நீக்குவதற்குரியது என்னும் நினைவோடு இடுதல் வேண்டும். பள்ளங்களைக் களிமண்ணால் அடைத்து, ஒட்டுத்தடுப்புப் பூச்சை ஓரிடமும் விடாது தடவி, அளவோடு சாந்திடுபவர், தாம் காணாத ஒரு கம்மியருக்கு உதவி செய்கிறார்.

முடிவுரை

கைத்தச்சரின் கரியிலிருந்து பிளாஞ்சர்டின் பொறிக்கும், அப்பொறி விட்ட இடைவெளியிலிருந்து காஸ்தானின் பிசினுக்கும், அப்பிசினிலிருந்து மரமே வேண்டாத கட்டைக்கும் இவ்வரலாறு நடந்து வந்துள்ளது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் குறைக்கு ஒரு மருந்து கண்டது. அம்மருந்தே அடுத்த தலைமுறைக்கு நீக்க வேண்டிய சுமையாயிற்று. இதில் யாரையும் பழிப்பதற்கு இடமில்லை. தம் காலத்தில் கிடைத்த பொருளைக் கொண்டு தம்மால் இயன்ற அளவு செம்மையாகச் செய்தனர்.

பழஞ்சாந்தை நீக்கும் கம்மியர், தமக்கு முன்னவர் செய்த வேலையைத் தம் கையால் அழிக்கிறார். அதனைப் புரிந்துகொண்டு அழிப்பவர் அதன் அளவைக் கற்றுக்கொள்கிறார். புரியாது அழிப்பவர் அளவையும் இழந்து மரத்தையும் இழக்கிறார். புதுச்சாந்து இறுகும்வரை பழஞ்சாந்தின் இரண்டு மூன்று மேடைகளை விட்டுவைக்கும் வழக்கத்தைக் கம்மியர் நூலில் படித்து அறிந்தவர் அல்லர். கட்டைகளைக் கெடுத்து, அதனால் அறிந்தனர்.